தோல் சீற் பார்க்கப் போன சனிக்கிழமை

பஸ்ஸின் பின்சக்கரம் என் தலைக்கு எவ்வளவு கிட்டவாகப் போனது என்று எனக்குத் தெரியாது. பார்த்தவர்கள் ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். ஒரு சாண்தான் என்றார் பழக்கடைக்காரர். இல்லை, இரண்டு முழமாவது இருக்கும் என்றாள் என்னைத் தூக்கி நிறுத்திய பெண். எனக்குத் தெரிந்தது சத்தம் மட்டும். தாரில் ரயர் ஒட்டி ஒட்டிப் பிரிகிற அந்தச் சத்தம் வெளியில் கேட்கவில்லை, என் காதுக்குள்ளேயே கேட்டது.

அது பம்பலப்பிட்டியில், காலி வீதியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வெள்ளவத்தையிலிருந்து கொம்பனித் தெருவிலுள்ள என் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் வாங்கிய சைக்கிள் அது. அப்போது எங்கள் ஒழுங்கையில் பத்துப் பன்னிரண்டு பேர் சைக்கிள் வாங்கினார்கள். வரிசைகள் முடிந்ததும் எல்லாச் சைக்கிளும் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. நான் மட்டும் விடவில்லை. நாற்பத்து நாலு வயதில், தலையில் ஹெல்மெட்டும் முதுகில் பையுமாக நான் போவதை என் கணவர் தன் அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மகள் என் படமொன்றைத் தன் தோழிகளுக்கு அனுப்பியிருந்தாள். வீட்டில் தைரியசாலி என்றால் நான்தான் என்று ஆகிவிட்டிருந்தது.

அன்றைக்கு ஒரு தனியார் பஸ் என்னை முந்திக்கொண்டு வந்து, அதே வேகத்தில் தரிப்பிடத்துக்குள் வெட்டியது. அதன் பக்கவாட்டுத் தகரம் என் ஹாண்டிலைத் தட்டியது. நான் இடப்பக்கமாக, நடைபாதையின் விளிம்பில் விழுந்தேன். ஹெல்மெட் கல்லில் மோதி வெடித்தது. எலும்பு ஒன்றும் உடையவில்லை. முழங்கை உரிந்து, இடுப்பு கன்றிப்போனதோடு சரி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்றேயைப் பார்த்த டொக்டர், பெரிய தெய்வம் காப்பாற்றியிருக்கிறது என்றார். நானும் சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பயம் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.

முதலில் பஸ்ஸில் ஏறும்போது வந்தது. பஸ் தரிப்பிடத்தில் நின்று பிறேக்கின் காற்று உஸ்ஸென்று வெளியேறியதும் எனக்குக் கால் மடிந்தது. பிறகு வீதியைக் கடக்கும்போது வந்தது. மஞ்சள் கோட்டின் நடுவில் நின்றுவிட்டேன். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கையைப் பிடித்து அப்பால் கொண்டுபோய் விட்டது. பிறகு வீட்டுக்குள்ளேயே வந்தது. எங்கள் வீடு நாலாம் மாடியில். அங்கிருந்து காலி வீதியின் இரைச்சல் எப்போதும் கேட்கும். இருபது வருடமாக நான் காதில் வாங்காத இரைச்சல் அது. இப்போது அதற்குள்ளிருந்து ஒவ்வொரு பஸ்ஸையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டேன். சோறு வடிக்கும்போதும் கேட்டேன்.

ஒருவரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

சைக்கிளின் முன்சக்கரம் வளைந்திருந்தது. ஒழுங்கை முனையில் இருக்கும் திருத்துகிறவர் அதை நிமிர்த்தித் தந்தார். சீற் மட்டும் கிழிந்து, பஞ்சும் கம்பியும் வெளியே வந்து, ஒன்றுக்கும் உதவாமல் போயிருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, சீற்றை நீங்களே பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். சீற் இல்லாத அந்தச் சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் நிறுத்தி, குழாய்க்குள் தண்ணீர் போகாமல் ஒரு கடைப் பையைக் கட்டிவிட்டேன். யாராவது கேட்டால், சீற் இல்லையே என்று சொல்ல எனக்கு வசதியாக இருந்தது.

சைக்கிள் சீற் எல்லாக் கடையிலும் கிடைக்கும். கணவர் மூன்றாம் நாளே ஒன்று வாங்கி வரப் புறப்பட்டார். அப்போது வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இந்தப் பஞ்சுச் சீற் எனக்கு இனிச் சரிவராதப்பா. இடுப்பு நோகுது. தோல் சீற்தான் நல்லதாம். அந்த நாளில வெள்ளைக்காரர் பாவிச்ச மாதிரி, தடிச்ச தோல்."

"அது இஞ்ச எங்க கிடைக்கும்?"

"ஆறுதலாத் தேடுவம். அவசரம் இல்லை."

கிடைக்காது என்று தெரிந்துதான் சொன்னேன். புதிதாக வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் சைக்கிளை விட அதற்குத்தான் விலை அதிகம். பொய் சொன்னேன் என்று பிடிபடாமல் இருக்க, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் தோல் சீற் பற்றிப் பார்ப்பதும் படிப்பதுமாக இருந்தேன். அப்படிப் பார்த்துப் பார்த்தே அதைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். ஒரே துண்டுத் தோலை இரும்புச் சட்டத்தில் இழுத்துப் பிடித்து, செப்பு ஆணி அடித்திருப்பார்கள். சீற்றின் மூக்குக்கு அடியில் ஒரு போல்ட் இருக்கும். தோல் தளர்ந்தால் அதைத் திருகி இறுக்கலாம். பழைய சீற் வாங்குகிறவர்கள் முதலில் அந்தப் போல்டைத்தான் பார்க்க வேண்டும். முழுக்கத் திருகி முடிந்திருந்தால் அந்தத் தோலுக்கு இனி ஆயுள் இல்லை. ஆணியைச் சுற்றி வெடிப்பு இருந்தாலும் வாங்கக் கூடாது.

ஆறு வாரம் இப்படிப் போனது. ஒரு வியாழக்கிழமை மாலை கணவர் போனை நீட்டிக்கொண்டு, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"இஞ்சேரும், நீர் தேடின சாமான் கிடைச்சிட்டுது. கொட்டாஞ்சேனையில ஒரு ஆள் விக்கப் போட்டிருக்கிறார். பழசு, ஆனா நல்ல சீற்றாம்."

படத்தைப் பார்த்தேன். கறுப்புக்குக் கிட்டவான மண்ணிறத் தோல், செப்பு ஆணிகள், எல்லாம் சரியாக இருந்தன. ஏதாவது குறை தெரிகிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"நான் ஆளோட கதைச்சிட்டன். சனிக்கிழமை பின்னேரம் வந்து பாக்கச் சொல்லுறார். எனக்கு அண்டைக்கு வேலை. நீர் தனியப் போவீர்தானே?"

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல?

வெள்ளிக்கிழமை அந்த மனிதருக்கு நானே போன் எடுத்தேன். ஏதாவது குறை அகப்பட்டால், அதைச் சொல்லித் தப்பிவிடலாம் என்ற நினைப்பு. போல்ட் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கேட்டேன். பாதிக்கு மேல் இருக்கிறது என்றார். வெடிப்பு? இல்லை. மழையில் நனைந்ததா? நனைய விட்டதில்லை. கடைசியில், ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை. லைன் போய்விட்டதென்று நினைத்தேன்.

"இப்ப ஓட்றதில்ல மிஸ்" என்றார் பிறகு. அவ்வளவுதான்.

அந்த மௌனம் என்னைப் பிடித்துக்கொண்டது. நல்ல சீற்றை ஏன் தனியாகக் கழற்றி விற்க வேண்டும்? சைக்கிள் எங்கே? நசுங்கிப் போனதா? இவர் ஓடிய சைக்கிளா, வேறு யாராவது ஓடியதா? செத்துப்போன ஒருவரின் உடம்பு பதிந்த தோலிலா நான் உட்காரப் போகிறேன்? விடியும்வரை இதுதான்.

சனிக்கிழமை பஸ்ஸில், நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே புறக்கோட்டை வரை போனேன். யன்னல் பக்கம் இடம் இருந்தது, நான் உட்காரவில்லை. அங்கிருந்து ஓட்டோ. அந்த மனிதர் சொன்ன ஒழுங்கையின் வாசலில் இறங்கியபோது, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லொறியொன்று பிரதான வீதியை அடைத்துக்கொண்டு நகர்ந்தது. அதன் சக்கரங்கள் என் இடுப்பு உயரம் இருந்தன. நான் மதிலோடு மதிலாக ஒட்டி நின்று, அது போன பிறகுதான் ஒழுங்கைக்குள் நடந்தேன்.

அவர் வாசலிலேயே நின்றார். அறுபது வயதிருக்கும். நல்ல உயரம், மெலிந்த தேகம், மடிப்புக் கலையாத சேர்ட். துறைமுகத்தில் எழுத்து வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் என்று கணவர் சொல்லியிருந்தார். நான் அவருடைய இடது பக்கமாக வந்து வணக்கம் சொன்னேன். அவர் திரும்பவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது திடுக்கிட்டுத் திரும்பினார்.

"வாங்க மிஸ், வாங்க. உள்ளுக்கு வாங்க."

நீண்டு ஒடுங்கிய வீடு. சுவரில் இயேசுவின் படத்துக்குக் கீழே சின்னச் சிவப்பு பல்ப் எரிந்தது. நடையில் சைக்கிள் நின்றது. முழுச் சைக்கிள், ஒரு கீறல்கூட இல்லாமல் துடைத்து வைத்தபடி. சீற்றும் அதிலேயே பூட்டியிருந்தது. எனக்கு நெஞ்சு கொஞ்சம் இறங்கியது.

"கழட்டி வச்சிருப்பீங்க எண்டு நினைச்சன், அண்ணன்."

"எப்பிடிக் கழட்ற? நீங்க ஓடிப் பாக்க வேணாமா?"

இறங்கிய நெஞ்சு திரும்பவும் ஏறிக்கொண்டது. சீற் பார்ப்பது என்றால் கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பது என்றுதான் நான் நினைத்து வந்திருந்தேன். குனிந்து போல்டைப் பார்த்தேன். ஆணிகளை ஒவ்வொன்றாகத் தடவினேன். பெருவிரலால் தோலை அமத்தினேன். மேசையைப் போல இறுகி இருந்தது. பின்பக்கத்தில் இரண்டு பள்ளங்கள், உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்தவை. இடது ஓரத்தில் உரசல் இருக்கிறதா என்று தனியாகத் தேடினேன். நான் விழுந்த பக்கம் அது.

"இதில ஆரும் விழுந்தவையா?" கேட்டேவிட்டேன்.

"ஐயோ, இல்ல. இருவது வருஷமா நான் மட்டுந்தான் ஓடின. ஒரு கப்பல்கார எஞ்சினியர் விட்டுட்டுப் போன சைக்கிள்ள இருந்திச்சு. அந்தச் சைக்கிள் துருப் பிடிச்சுப் போயிட்டு. சீற்ற மட்டும் எடுத்து என்ட சைக்கிள்ள போட்டன்."

உள்ளேயிருந்து அவருடைய மனைவி பால் விடாத இஞ்சிப் பிளேன்ரீ கொண்டு வந்தார். அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். வட்ட முகம், வாய் நிறையப் பேச்சு.

"நான் எத்தின தரம் சொன்னேன் மிஸ், வயசு போன நேரம் சைக்கிள் என்னத்துக்கு எண்டு. கேக்கல. இப்ப முழங்கால் வருத்தம் வந்த பொறகுதான் விட்டாரு." கோப்பையை அவருக்கு இடப்பக்கத்தில் ஸ்ரூல் மேல் வைத்தார். அவர் கையை நீட்டியபோது புறங்கை பட்டுக் கோப்பை கவிழ்ந்தது. "பாருங்க, இப்பிடித்தான், எல்லாத்தையும் தட்டிக் கொட்டிக்கிட்டு." திட்டிக்கொண்டே துணி எடுக்கப் போனார்.

அந்த மனிதர் ஸ்பானரை எடுத்து, என் உயரத்துக்குச் சீற்றைத் தாழ்த்தினார்.

"வேண்டாம் அண்ணன். பாத்தாலே நல்லாத்தான் இருக்கு. நான் எடுக்கிறன்."

"ஓடாம வாங்காதீங்க மிஸ். தோல் சீற் கையால பாத்துத் தெரியாது. சிலருக்குச் சரிவராது, பொறகு என்னயத் திட்டுவீங்க. இந்த ஒழுங்கையால போய், கோயில் மதிலச் சுத்தி மத்தப் பக்கத்தால வாங்க. அஞ்சு நிமிஷம்."

இப்போது இரண்டே வழி. ஏற வேண்டும், அல்லது பயம் என்று சொல்ல வேண்டும். துணியோடு வந்து நின்ற அக்காவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சைக்கிளை வெளியே உருட்டினேன். காலைத் தூக்கிச் சட்டத்துக்கு மேலால் போட்டேன். வலது கால் பெடலில், இடது கால் தரையில். தரையில் இருந்த கால் நடுங்கி, சப்பாத்தின் அடி கல்லில் டக் டக் என்று அடித்தது. அவர்களுக்குக் கேட்டிருக்குமோ என்று பயந்தே பெடலை மிதித்தேன்.

இருபது யார் தூரம் ஓடியிருப்பேன். பின்னால் ஓட்டோவின் ஹோர்ன். சின்ன ஹோர்ன், வழி கேட்கிற சாதாரண ஹோர்ன். என் கைகள் இரண்டு பிறேக்கையும் இறுக்கின. எப்படி இறங்கினேன் என்று தெரியாது. சைக்கிள் எனக்கும் மதிலுக்கும் நடுவில் நின்றது, ஓட்டோ போய்விட்டிருந்தது, ஒழுங்கை வெறுமையாக இருந்தது. எனக்கு மூச்சு மேலுக்கு மட்டும் வந்தது, கீழே போகவில்லை. காதுக்குள் அந்த ரயர்ச் சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். ஒழுங்கை வளைவதால் அவர்களின் வாசல் தெரியவில்லை. உருட்டிக்கொண்டே நடந்தேன். மதில் முடியும் இடத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடை. அதன் நிழலில் சைக்கிளைச் சுவரோடு சாய்த்தேன். தொப்பி போட்ட கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, செயின் கழண்டுட்டா?"

"இல்லை, சும்மா. கொஞ்சம் களைப்பு."

அவர் உள்ளே போய்விட்டார். நான் செய்ததைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நின்ற சைக்கிளிலேயே ஏறி உட்கார்ந்தேன். சீற் எப்படி என்று கேட்டால் ஏதாவது சொல்ல வேண்டுமே. முன்னுக்கும் பின்னுக்குமாக அசைந்து பார்த்தேன். வழுவழுப்பு, கடினம், ஆனால் கன்றியிருந்த இடுப்பில் ஒரு நோவும் இல்லை. நல்ல சீற் என்று சொல்லிக் காசைக் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய், பிறகு வேறொரு சாட்டு கண்டுபிடிக்கலாம். மழை தொடங்கிவிட்டது, தோல் நனையக் கூடாது என்று சொல்லலாம். அதுவே இரண்டு மாதத்துக்குப் போதும். இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அஞ்சு நிமிஷம் பத்தாகியிருக்க வேண்டும். அந்த மனிதர் என்னைத் தேடி வருவது தெரிந்தது. வேகமாக, மதிலை ஒட்டியபடி வந்தார். முகத்தில் கலவரம். நான் விழுந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருப்பார். நான் அவசரமாக இறங்கி, இப்போதுதான் ஓடி வந்தவளைப் போல ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அவர் என்னைக் கடந்து போனார்.

கையை நீட்டினால் தொடும் தூரம். நான் அவருடைய இடப்பக்கம் நின்றேன், சைக்கிளோடு, பட்டப்பகலில். அவர் பார்க்கவில்லை. இல்லை, அவருக்கு நான் தெரியவில்லை. அவர் ஒழுங்கை முடிகிற இடத்துக்குப் போனார், வலப்பக்கம் பார்த்தார், வீதியில் இறங்கினார். இடப்பக்கமிருந்து, நின்ற வாகனமொன்றைச் சுற்றிக்கொண்டு ஒரு ஓட்டோ வந்தது.

"அண்ணன்!"

சைக்கிளை விட்டுவிட்டு ஓடினேன். அது பின்னால் விழுந்த சத்தம் கேட்டது. அவருடைய சேர்ட்டை முதுகில் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டோம். ஓட்டோ கிறீச்சிட்டுக் கோணலாக நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "எஸ் பேன்னே நெத்த?" என்று கத்தினான். கண் தெரியாதா என்று சிங்களத்தில் யாரும் யாரையும் திட்டுவதுதான். அவன் திட்டிவிட்டுப் போய்விட்டான்.

கடைக்காரர் எங்களைத் தூக்கிக் கடை முன்னாலிருந்த மரவாங்கில் இருத்தி, தண்ணீர் கொண்டு வந்து தந்தார்.

கடைக்காரர் சைக்கிளை நிமிர்த்தப் போன நேரத்தில் கேட்டேன்: "அண்ணன், உங்களுக்கு இடது பக்கம் தெரியேல்லயா?"

அவர் வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருஷமா. மொதல்ல ஓரத்தில மங்கல் மாதிரி. இப்ப அந்தப் பக்கமே இல்ல. மூணு மாசத்துக்கு முந்தி ஒரு சின்னப் புள்ள, கோயில் வாசல்ல, சைக்கிளுக்கு முன்னால வந்திட்டு. நான் காணவே இல்ல மிஸ். தாய் இழுத்தெடுத்தா. பட்டிருந்தா?" அவருடைய கை முழங்காலைப் பிசைந்தது. "அண்டைக்கு வந்து சைக்கிள வச்சவன்தான்."

"டொக்டரிட்டக் காட்டினீங்களா?"

"என்னத்துக்கு? எங்க அப்பாக்கும் இதேதான். கடைசியில ரெண்டு கண்ணும் இல்ல. வீட்ல அவங்களுக்கும் சொல்லல. முழங்கால் எண்டு சொல்லி வச்சிருக்கேன். சைக்கிள் நடையில நிக்கிறத பாத்தா ஓட மனசு வருது. அதான் சீற்ற விக்கப் போட்டேன். சீற் இல்லாட்டி ஓட ஏலாதுதானே." என் பக்கம் முழுதாகத் திரும்பினார். "மிஸ், அவங்ககிட்ட சொல்லிப் போடாதீங்க. தயவுசெஞ்சு."

ஓம் என்று தலையாட்டினேன். நானே ஆறு வாரமாகப் பொய்யில் குந்தியிருக்கிறவள், வேறென்ன செய்வேன்? அவருக்கு இடப்பக்கமாக நின்று, சைக்கிளை உருட்டிக்கொண்டு, ஒழுங்கையால் திரும்பி நடந்தோம். அந்த நூறு யார் தூரமும் எனக்கு வேறொரு பயம். என்னைப் பற்றியதல்ல. நாளைக்கு இவர் பேக்கரியில் பாண் வாங்க இறங்குவார். நாளை மறுநாள் பூசைக்குப் போவார். சேர்ட்டைப் பிடிக்க யாரும் இருக்க மாட்டார்கள். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தச் செய்தி என்னிடம் வராது. வராமலே அந்தப் பழி என்னுடையதாக இருக்கும்.

அக்கா வாசலில் நின்றார்.

"எங்க போனீங்க ரெண்டு பேரும்? சேர்ட்டெல்லாம் மண்! மிஸ் விழுந்திட்டீங்களா? சீற் சரியில்லயா?"

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. அந்த வாசலில் நின்றபோது இருந்த பயம், பஸ் தட்டிய அன்றைக்கும் எனக்கு இருக்கவில்லை.

"நான் ஓடேல்ல அக்கா," என்றேன். "நான் ஏறி, இறங்கி, உருட்டிக்கொண்டு போனனான். எனக்குப் பயம். ஒரு பஸ் என்னை அடிச்சது. அதுக்குப் பிறகு எனக்குச் சைக்கிளைப் பாத்தாலே பயம். வீட்டில ஒருத்தருக்கும் சொல்லேல்ல. சீற்றும் தேடினது பொய்க்கு." நிறுத்தினால் மற்றதைச் சொல்ல முடியாது என்று தெரிந்து, நிறுத்தாமல் சொன்னேன். "அண்ணனுக்கு முழங்கால் இல்லை அக்கா. இடது கண் தெரியேல்ல. இப்ப ஒரு ஓட்டோ அடிக்கப் பாத்தது."

அவர் சைக்கிளை என் கையிலிருந்து பிடுங்கினார். "போங்க மிஸ்," என்றார். "நான் விக்கல. போங்க."

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தார். "கோப்ப," என்றார் மெதுவாக. "அந்தக் கோப்ப. ஒரு வருஷமா நான் ஏசிக்கிட்டே இருந்தேனே." அவர் அழத் தொடங்கும்போது நான் நடக்கத் தொடங்கிவிட்டேன். நிற்பதா போவதா என்று தெரியவில்லை. நிற்கும்படி யாரும் சொல்லவுமில்லை.

அன்று மாலை கணவர் வேலையால் வந்து கதவைத் திறந்ததும், "எங்க சீற்?" என்றுதான் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"ஆறு கிழமையா?"

"ஓம்."

"நான் வேற எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு..." முடிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றத் தொடங்கி, "அப்ப வேண்டாம். விடும். சைக்கிளை வித்துப்போடுவம்" என்றார்.

ஆறு வாரமாக நான் கேட்க விரும்பியது அதைத்தான். கேட்டபோது நிம்மதி வரவில்லை. கொட்டாஞ்சேனை வீட்டில் நான் என்ன செய்துவிட்டு வந்தேன் என்ற நினைப்பே விடாமல் வந்தது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று போன் அடிக்கும்போதெல்லாம் அந்த வீட்டு நம்பரா என்று பார்த்தேன்.

பத்து நாள் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிட்டார்களாம். போக மாட்டேன் என்று மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாராம். மகன் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் அழுத பிறகுதான் சேர்ட்டைப் போட்டாராம். இடது கண்ணில் போன பார்வை திரும்பாது. வலது கண்ணிலும் அழுத்தம் தொடங்கியிருக்கிறது, ஆனால் அதைக் காப்பாற்றலாம் என்கிறார்கள். வாழ்நாள் முழுக்க மருந்துத் துளி விட வேண்டும்.

"இன்னும் ஒரு வருஷம் போயிருந்தா அதுவும் போயிருக்குமாம் மிஸ்," என்றவர், "இந்தாங்க, அவர் கதைக்கணுமாம்" என்று போனைக் கொடுத்தார்.

நான் எழுந்து நின்றேன்.

"சொல்ல வேணாம் எண்டு சொன்னேன்தானே," என்றார் அவர்.

"ஓம் அண்ணன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"சீற்ற வேற ரெண்டு பேர் கேட்டாங்க. குடுக்கல. வேணுமெண்டா சொல்லுங்க. வேணாமெண்டாலும் சொல்லுங்க, பரவாயில்ல."

முடிவு சொல்ல இரண்டு நாள் கேட்டேன். இந்த முறை யாரும் என்னைத் தள்ளவில்லை. கணவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் மட்டும் யோசித்தேன். ஓடுவேனா என்று கேட்டுக்கொண்டால் மாட்டேன் என்றுதான் பதில் வந்தது. பயம் குறைந்ததா என்றால் குறையவில்லை. ஆனால் அந்தக் கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஐந்து நிமிடம் திரும்பத் திரும்ப நினைவில் வந்தது. ஏமாற்றுவதற்காக உட்கார்ந்ததுதான். ஆனாலும் உட்கார்ந்திருக்க எனக்குப் பிடித்திருந்தது. காலையில் காற்று முகத்தில் பட, யாருக்கும் முன்னால் கை நீட்டி நிற்காமல், என் காலாலேயே வேலைக்குப் போன நாட்கள் அந்த ஐந்து நிமிடத்தில் ஞாபகம் வந்திருந்தன. வாங்கினேன். கணவரும் கூட வந்தார். அந்த மனிதர் சீற்றைத் தாமே கழற்றி, பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார். என்னோடு அதிகம் கதைக்கவில்லை. அவருக்கு இடப்பக்கத்தில் அக்கா நின்றார்.

முதலில் ஓடியது கடலோர மரைன் டிரைவில், ஞாயிறு காலை, வீதி வெறுமையாக இருந்த நேரம். கணவர் பக்கத்தில் வேக நடையாக வந்தார். பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் வந்தபோது நான் இறங்கி, அது கல்கிசைப் பக்கம் போய் மறையும்வரை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஏறினேன். அன்றைக்கு நாலு தரம் இறங்கினேன், ஐந்து தரம் ஏறினேன்.

இது நடந்து எட்டு மாதமாகிறது. கிழமையில் இரண்டு நாள் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். முடிந்தவரை கடற்கரையோரமாகப் போகிறேன். காலி வீதியில் ஏற வேண்டிய இடத்தில், பின்னால் பஸ் வரும் சத்தம் கேட்டால் இறங்கி நடைபாதையில் நிற்பேன். சில கொண்டக்டர்மார் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தத் தோலின் பள்ளங்கள் என் உடம்புக்கு இன்னும் சரியாகப் பொருந்தவில்லை. கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கித்தான் உட்கார வேண்டியிருக்கிறது. மழைக்குணம் தெரிந்தால் பஸ்ஸில் போய்விடுகிறேன், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி.